கத்தி வளைஞ்சு நிற்குதா, வாய் பொடியுதா? இரும்பைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர், வியாசர்பாடியில் சிலம்பம் சொல்லித் தரும் ஆசான், தண்டையார்பேட்டைப் பக்கம் கறிக்கடை வைத்திருப்பவர் என்று யார் பட்டறைக்கு வந்தாலும் புகார் ஒன்றுதான்: "இரும்பு சரியில்லண்ணே, வேற நல்ல இரும்புல போட்டுக் குடு." கத்தியை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இரும்பில் குறை இருக்காது. தடிமன் தப்பாக இருக்கும், தோய்ச்சல் (காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) சரியாகப் பிடித்திருக்காது, அல்லது சாணைக்காரர் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, சுட்டிருப்பார். எஃகை மாற்றுவதுதான் செலவு பிடித்த வேலை. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் லாபம். எஃகையே முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை அங்கங்கே சொல்கிறேன்.

"வளையணும், ஆனா கூராவும் இருக்கணும்" என்று கேட்பதில் நான்கு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு லேசாக வளைகிறது, விட்டதும் நிமிர்கிறதா, உடையாமல் தாங்குகிறதா, கூர் நிற்கிறதா. முதல் விஷயத்துக்கும் எஃகின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை என்றால் பலர் நம்புவதில்லை. மைல்டு ஸ்டீலோ (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) ஸ்பிரிங் ஸ்டீலோ, தோய்ச்சல் போட்டதோ போடாததோ, அகலமும் தடிமனும் நீளமும் ஒன்றானால் ஒரே அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். எல்லா எஃகுக்கும் மீள்மைக் குணகம் (வளைவை எதிர்க்கும் விறைப்பின் அளவு) சுமார் 200 ஜிகாபாஸ்கல்; தோய்ச்சல் அதை மாற்றுவதில்லை. லேசாக வளைய வேண்டுமானால் மெலிதாக்க வேண்டும், அவ்வளவுதான். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

விட்டதும் நிமிர்வது தோய்ச்சலையும் பதத்தையும் (தோய்த்ததை மறுபடி மிதமாகச் சுட்டு இறக்குவது) பொறுத்தது. உடையாமல் தாங்குவது எஃகின் உள்மணி (உள்ளே இருக்கும் படிகத் துகள்) எவ்வளவு நுண்மையாக இருக்கிறது, எங்காவது கீறல் ஒளிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கூர் நிற்பதற்குக் கார்பன், கடினம், சாணைக் கோணம் மூன்றும் வேண்டும்.

முதலில் மூன்று சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் காந்தம், அரம், சாணைப் பொறி ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அல்லது சும்மா லேசாகத்தான் ஒட்டுகிறது என்றால் அது 304 மாதிரி பாத்திர ஸ்டெயின்லெஸ். எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது. அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு எஃகு தேடலாம். 420, 440 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் நன்றாக ஒட்டும், அவை கடினமாகும்.

புது அரத்தைக் கத்தியின் வாயில் லேசாக ஓட்டுங்கள். கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் கடினம் இருக்கிறது. உடனே கடித்துத் துகள் எடுத்தால் அங்கே கடினம் இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு: உலையில் கிடந்த இரும்பின் மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும். அந்தத் தோலை மட்டும் அரம் கடிக்கும், உள்ளே நன்றாகவே இருக்கும். அதனால் கொஞ்சம் தேய்த்துவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள்.

பொறியைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பக்கத்தில் தெரிந்த துண்டு ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும். மைல்டு ஸ்டீலில் பொறி நீளமான கோடாகப் போகும், பூ அதிகம் வெடிக்காது. கார்பன் ஏற ஏறக் கோடு குட்டையாகி, கல்லுக்குப் பக்கத்திலேயே பொரிப் பொரியாக வெடிக்கும். பழைய அரத்தின் துண்டு ஒன்றும், கட்டடக் கம்பித் துண்டு ஒன்றும் பட்டறைச் சுவரில் தொங்கினால் போதும், ஒப்பிட வேறொன்றும் வேண்டாம்.

வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடுகிறது

சுருள் வாள் (சிலம்பக்காரர்கள் சுழற்றும் மெல்லிய, வளையும் வாள்) வாங்கியவர்கள் அதிகம் சொல்லும் புகார் இது. இடுப்பில் சுற்றி எடுத்தால் வளையமாகவே நிற்கிறது, வீசினால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்பார்கள். இதில் கொஞ்சம் கணக்குப் போட்டால் யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடும்.

ஒரு தகட்டை வட்டமாக வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. தடிமனை வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் அந்த நீட்சி கிடைக்கும். நன்றாகத் தோய்த்துப் பதம் இறக்கிய ஸ்பிரிங் எஃகு சுமார் 0.7 சதவீதம் வரை நீண்டாலும் திரும்பிவிடும். சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு அந்த எல்லை 0.12 சதவீதத்தைச் சுற்றி. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பிரிங் பட்டையைச் சுமார் 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகச் சுருட்டினாலும் நிமிர்ந்துவிடும். அதே 1 மில்லி மைல்டு ஸ்டீலுக்கு 80 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். 30 அங்குல இடுப்பின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். மைல்டு ஸ்டீல் ஏன் வளையமாகவே நின்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் வருகிறது. "நல்லா கனமா இருக்கட்டும்ணே" என்று 2 மில்லி ஸ்பிரிங் பட்டையில் சுருள் வாள் செய்யச் சொன்னால், அதற்கு 28 சென்டிமீட்டர் விட்டம் தேவைப்படும். அதாவது எஃகு முதல் தரம், தோய்ச்சலும் சரி, ஆனாலும் இடுப்பில் சுற்றினால் நின்றுவிடும். 1 மில்லிக்குள் இருப்பது வசதி, 1.5 மில்லி எல்லைக்கோட்டில் நிற்கும், அதற்கு மேல் வேண்டாம்.

ஆக, பார்க்க வேண்டிய வரிசை: தடிமனை அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் அரம் போடுங்கள். அரம் சுலபமாகக் கடித்தால் ஒன்று தோய்ச்சல் பிடிக்கவில்லை, அல்லது பதம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. ஒரு துண்டை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து மறுபடி அரம் போடுங்கள். இப்போது வழுக்கினால் எஃகில் குறையில்லை, மறுபடி தோய்த்தால் போதும். இப்போதும் கடித்தால்தான் எஃகைக் குறை சொல்லலாம். கட்டடக் கம்பி இப்படித்தான் ஏமாற்றும். டிஎம்டி கம்பியின் வெளித்தோல் முறுக்காக இருப்பதால் நல்ல இரும்பென்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அதில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. உலையில் வைத்ததும் அந்தத் தோலின் முறுக்கும் போய்விடும். துறைமுகத்தில் பார்சல் கட்டிவரும் இரும்புப் பட்டையும் இதே கதைதான். கொஞ்சம் துள்ளும், ஆனால் தோய்ச்சல் பிடிக்காது.

சுருள் வாளுக்கு என் யோசனை: மெல்லிய பட்டையை நீங்களே தோய்க்கப் போகாதீர்கள். ஐந்தடி நீளத்துக்கு 1 மில்லி தகட்டைச் சீராகக் காய்ச்சுவது சாதாரண உலையில் நடக்காது, தோய்த்ததும் பாம்பாக நெளிந்துவிடும். தோய்ச்சலும் பதமும் முடிந்த நிலையிலேயே ஸ்பிரிங் பட்டை சுருளாக விற்கிறது. அதை வாங்கிக் குளிர்ந்த நிலையிலேயே வெட்டித் தேய்த்து முடித்துவிடலாம். பிடியை வெல்டு வைக்காதீர்கள். வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டை மிருதுவாகி, ஒரு பட்டை கண்ணாடியாகி, வீசும்போது அங்கேயே விட்டுப்போகும். பறந்துபோன வாள் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. கார்பைடு பிட்டால் துளை போட்டு ஆணி அடித்து முறுக்குங்கள். இன்னொன்று: பயிற்சிக்கான சுருள் வாளுக்கு வாய் தீட்டவே கூடாது. விளிம்பை உருட்டித் தேய்த்துவிட வேண்டும்.

பட்டென்று உடைந்துவிட்டது

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முகம் சர்க்கரை கொட்டியதுபோல மினுமினுப்பான பெரிய மணியாக இருந்தால், தோய்ச்சலுக்கு முன் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறார்கள். இதுதான் அதிகம். சென்னை வெயிலில் வாசலில் உலை வைத்து வேலை செய்தால் சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிவது நிழலில் கொழுந்தாகத் தெரியும். உலையை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள், அல்லது அந்தி சாய்ந்த பிறகு தோய்ச்சல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்ப முடியாவிட்டால் காந்தம் இருக்கிறது. எஃகு சுமார் 770 டிகிரியைத் தாண்டும்போது காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் எஃகுக்கு அதற்கும் மேலே கொஞ்சம், 820 முதல் 850 வரை வேண்டும். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும். அலகின் (கத்தியின் இரும்புப் பகுதி) மேல் ஒரு சிட்டிகை போட்டு, அது உருகி ஓடினால் இலக்கை நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

பெரிய மணியான அலகு இன்னும் உடையாமல் இருந்தால் அதைக் காப்பாற்றலாம். 860 டிகிரி அளவுக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். அடுத்தது 820-ஐ ஒட்டி, அதற்கடுத்தது 790-ஐ ஒட்டி. மூன்றாவது ஆறியதும் மணி நுண்மையாகியிருக்கும். அப்புறம் தோய்ச்சல்.

முகத்தில் ஒரு ஓரம் மட்டும் கறுப்பாகவோ துருவேறியோ இருந்து மீதி பளபளத்தால், அந்தக் கறுப்பு ஓரம் ஏற்கெனவே கீறியிருந்த இடம். தோய்க்கும்போதே விட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. தண்ணீரில் தோய்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஸ்பிரிங் பட்டை எண்ணெய்க்கான எஃகு. தண்ணீர் அதற்கு மிகவும் வேகம். எண்ணெயும் வெதுவெதுப்பாக, 50 முதல் 60 டிகிரியில் இருந்தால்தான் ஓடி ஒட்டிச் சூட்டை இழுக்கும். சில்லென்ற எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் இழுக்கும். வாளி பக்கத்தில் மூடி ஒன்று தயாராக வையுங்கள். எண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிதான்.

முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள்போல வளைவு வளைவாகக் கோடு இருந்தால், அது களைப்பு. இங்கேதான் எஃகின் பூர்வீகத்தைச் சந்தேகிக்க வேண்டும். மாதவரம், மணலி பக்கம் லாரிப் பட்டறைகளில் கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங் பட்டை, காயலான் கடை வழியாகச் சுலபமாகக் கிடைக்கும். கன்டெய்னர் வண்டியில் வருஷக்கணக்கில் ஏறி இறங்கிய பட்டை அது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே இருக்கும், அடித்து நீட்டும்போது அவையும் சேர்ந்து நீளும். வெட்டுக்கத்திக்கு, அரிவாளுக்குப் பரவாயில்லை என்பேன். வளைய வேண்டிய மெல்லிய அலகுக்குப் பழைய பட்டை வேண்டாம். புதுப் பட்டை வெட்டும்போது மிஞ்சும் துண்டு கேட்டால் அதே கடைகளில் கிடைக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் வராது.

முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்து, பிடிக்குள் போகும் காம்பும் அலகும் சேரும் மூலையில் உடைந்திருந்தால், எஃகும் தோய்ச்சலும் நன்றாகவே இருக்கின்றன. மூலையை 90 டிகிரிக்கு வெட்டியதுதான் குற்றம். அங்கே உருண்டை அரத்தால் வளைவு கொடுங்கள். காம்பை மட்டும் கூடுதலாகக் காய்ச்சி மிருதுவாக்கிவிடுங்கள்.

பதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தோய்த்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. கை தவறினால் உடையும். அதை மறுபடி மிதமாகச் சுட்டு இறக்குவதுதான் பதம். சுமார் 200 டிகிரியில் இறக்கினால் 58 எச்ஆர்சி (ராக்வெல் மெஷின் காட்டும் கடின எண்) அளவில் நிற்கும், அது கத்தி. 400 டிகிரிக்கு மேல் இறக்கினால் 50-க்குக் கீழே வந்து ஸ்பிரிங் ஆகும், அது சுருள் வாள். நடுவில், தோராயமாக 260 முதல் 370 வரை, பல எஃகுகளில் கடினமும் குறையும், உடையாத் தன்மையும் கூடாமல் சில சமயம் குறைந்தே போகும். "இன்னும் கொஞ்சம் இறக்கினா உடையாது" என்று நினைத்து நீல நிறம் வரை சுட்டவர்களின் கத்தி முன்னைவிடச் சீக்கிரம் உடைவதற்கு இதுதான் காரணம். சிலிக்கான் கூடுதலாக உள்ள ஈஎன் 45 போன்ற ஸ்பிரிங் எஃகில் இந்தக் கண்ணி மேலே தள்ளிப்போகும். வாள்காரர்களுக்குச் சிலிக்கான் எஃகு பிடித்துப்போவதற்கு ஒரு காரணம் அது. வீட்டு அடுப்பங்கரை ஓடிஜி (கேக் சுடும் மின் ஓவன்) 230, 250 டிகிரி வரைதான் போகும். கத்திக்கு அது போதும்: 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். சுருள் வாளின் பதத்துக்கு அது எட்டாது.

வளைவு ஒரே இடத்தில் மடிகிறது

வாள் முழுக்க வில்லாக வளையாமல் நடுவில் முழங்கால்போல மடிந்தால் எஃகை விட்டுவிட்டு வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) எடுங்கள். பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை நாலு விரலுக்கு ஒரு முறை தடிமனை அளந்து எழுதுங்கள். சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். எங்கே திடீரென்று குறைந்து மறுபடி கூடுகிறதோ அங்கேதான் மடியும். முதுகு 5 மில்லி இருக்கும் வாள்கூட, முக்கால் மீட்டர் நீளத்திலும் வளைவு சமமாகப் பரவினால் 90 டிகிரிக்கு வளைந்து நிமிரும். அதே வாள் ஒரு சாண் தூரத்துக்குள் வளைந்தால் நிமிராது.

மீனின் சதையைத் தோலோடு ஒட்டி அறுக்கும் மெல்லிய கத்திக்கும் இதுவேதான். பிடிப் பக்கம் 2 மில்லி, நுனியில் 1 மில்லிக்குக் கீழே என்று இறங்கி வந்தால் முள்ளை ஒட்டித் தானாகவே வளைந்து போகும். "வளையுற இரும்பு" என்று தனியாக எதுவும் தேட வேண்டாம்.

வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது

வஞ்சிரத் தலையை வெட்டுகிற கத்தியையும் சங்கரா செதில் சுரண்டுகிற கத்தியையும் ஒரே கோணத்தில் தீட்டினால் ஒன்று உதிரும், இல்லை மற்றொன்று மழுங்கும். உதிர்ந்தால் முதலில் கோணத்தைக் கூட்டிப் பாருங்கள். மெல்லிய மீன் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 12 முதல் 15 டிகிரி, சமையல் கத்திக்கு 15 முதல் 20, எலும்பு வெட்டுவதற்கு 25-க்குக் குறையாமல். பெரும்பாலான உதிர்வு இதிலேயே தீர்ந்துவிடும். எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். புளியங்கட்டை மன்னிக்கும், கடப்பைக் கல் மன்னிக்காது.

கோணம் கூட்டியும் உதிர்ந்தால் இரண்டாவது சந்தேகம் பதம். 200-ல் இறக்கியதை 220-க்குக் கொண்டுபோய் மறுபடி பாருங்கள். மூன்றாவதுதான் எஃகு. பேரிங் எஃகான ஈஎன் 31 இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒரு சதவீதத்தை ஒட்டிய கார்பன், ஒரு சதவீதத்துக்கு மேல் குரோமியம். கூர் நிற்பதில் அருமையானது, வெண்டைக்காயையும் வெங்காயத்தையும் கண்ணாடிபோல நறுக்கும். எலும்புக்கும் வளைவுக்கும் அது ஆள் இல்லை. மெஷின் ஹாக்சா பிளேடில் செய்த கத்தியும் அப்படியே. முழுக்க ஹைஸ்பீடு எஃகாக இருந்தால் சாணையில் நீலமானாலும் கடினம் போகாது, ஆனால் கொஞ்சம் வளைத்தால் கண்ணாடிச் சத்தத்தோடு இரண்டாகும். அதைச் சாதாரண உலையில் திருப்பித் தோய்க்கவும் முடியாது. 1200 டிகிரி கேட்கும்.

வாய் மடிகிறது, ரெண்டு நாளில் மழுங்குகிறது

6 மில்லி பித்தளைக் கம்பி ஒன்றை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கும் கருவி) படுக்கையாக மாட்டுங்கள். தீட்டிய கோணத்திலேயே கத்தியின் வாயை அதன் மேல் வைத்து அழுத்தி நகர்த்துங்கள். வாய் கம்பியின் மேல் சற்றே புடைத்து, தாண்டியதும் பழையபடி ஆனால் எல்லாம் சரி. புடைத்தபடி நின்றால் மிருது. பல்லு விட்டால் கடினம் அதிகம், அல்லது வாய் மிக மெலிது. பட்டறையில் இருக்கும் சோதனைகளில் எனக்கு இதைவிடப் பிடித்தது இல்லை. ராக்வெல் மெஷின் முதுகின் கடினத்தைச் சொல்லும், இது வெட்டுகிற இடத்தைச் சொல்லும்.

மிருது என்று தெரிந்ததும் தோய்ச்சலைத் திட்டாதீர்கள். முதலில் பிசிறு. தீட்டி முடித்ததும் வாயில் மெல்லிய இரும்புப் பிசிறு தொங்கும். அது முடியை மழித்துக்கூடக் காட்டும், ஐந்து மீன் வெட்டியதும் மடிந்துவிடும். இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக இழுத்து, பழைய பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்து அதை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது சாணை. தெருவில் வரும் சாணைக்காரரின் கல் வேகமாகச் சுற்றும், தண்ணீர் இருக்காது. வாயில் வைக்கோல் நிறம் வந்தால் 220 டிகிரியைத் தொட்டது, நீலம் வந்தால் 300 டிகிரியைத் தாண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிதான், ஆனால் அந்த ஒரு நூல் அகலத்தில் பதம் இறங்கிவிட்டது. நிறத்தைத் துடைத்தால் கடினம் திரும்பாது. அந்த நீல ஓரம் முழுவதையும் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். விரலில் கையுறை இல்லாமல் பிடித்துத் தீட்டினால் சூடு ஏறுவது உடனே தெரியும்.

மூன்றாவது, கார்பன் எரிந்த மேல்தோல். தோய்ச்சலுக்கு முன்பே வாயைக் காகிதமாக மெலித்தவர்களுக்கு இது வரும். ஒரு மில்லிக்குக் குறையாமல் தடிமன் விட்டுத் தோய்த்து, பிறகு அந்தத் தோலைத் தேய்த்து இறக்குங்கள்.

இந்த மூன்றும் இல்லை என்றால் கார்பன் போதவில்லை. ஈஎன் 8-ல் கார்பன் 0.4 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். தண்டுக்கும் போல்ட்டுக்கும் நல்லது, கத்திக்கு அரைகுறை. தண்டவாளத் துண்டு நல்ல கார்பன் எஃகு, 0.6 முதல் 0.8 வரை. ஆனால் அதைப் பட்டறைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ரயில்வே சொத்தா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தோய்ச்சலில் கோணிக்கொள்கிறது

செங்குத்தாக இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், முன்னும் பின்னும் அறுப்பதுபோல அசையுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்திருக்க வேண்டும். கோணிவிட்டால், எண்ணெயிலிருந்து எடுத்துக் கை பொறுக்காத சூட்டில் இருக்கும் சில நொடிகளுக்குள் இரண்டு தட்டைப் பட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கி ஆறவிடலாம். முழுக்க ஆறிய பிறகு நிமிர்த்தினால் உடையும். பதம் இறக்கும்போது பட்டையோடு சேர்த்துக் கட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் முட்டுக் கொடுத்து உள்ளே வைப்பதும் வேலை செய்யும்.

துரு

கடற்கரைக் காற்றில் கார்பன் எஃகு துருப்பிடிக்கத்தான் செய்யும், அது குறை அல்ல. கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கத்தியைச் சாக்கில் சுற்றி வைப்பவர்கள்தான் ஜூன் நடுவில் புள்ளி புள்ளியாகத் துருவோடு வருகிறார்கள். சாக்கு உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். துருப் புள்ளி மெல்லிய அலகில் கீறலுக்கும் ஆரம்பம். வளையும் கத்தி என்றால் புள்ளியைத் தேய்த்து எடுக்காமல் பயன்படுத்தாதீர்கள். துருவே கூடாது என்றால் 420 அல்லது 440 வகை ஸ்டெயின்லெஸ், அதுவும் வெளியே வெப்பச் சூளை வைத்திருப்பவரிடம் தோய்த்தது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, எஃகைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

வளைவும் உடையாமையும் முதலில் என்றால் ஈஎன் 45, ஈஎன் 47, எஸ்யூபி 9 மூன்றில் ஒன்று. மூன்றிலும் கார்பன் 0.5, 0.6 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஈஎன் 45-ல் சிலிக்கான், எஸ்யூபி 9-ல் குரோமியம், ஈஎன் 47-ல் குரோமியத்தோடு வனேடியம். எனக்கு விருப்பம் ஈஎன் 47. வனேடியம் மணியைப் பெரிதாக விடாது என்பதால் உலையில் கொஞ்சம் கை தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கிடைப்பதில் சுலபம் எஸ்யூபி 9. மெலிதாகவும் கூராகவும் வேண்டும், கொஞ்சம் வளைந்தால் போதும் என்றால் 0.75 சதவீதத்தை ஒட்டிய கார்பன் உள்ள ஈஎன் 42ஜே பட்டை. மீன் அறுக்கும் மெல்லிய கத்திக்கு நான் அதைத்தான் சொல்வேன். வளையவே வேண்டாம், கூர் மட்டும் நிற்க வேண்டும் என்றால் ஈஎன் 31.

"நம்ம ஊரு உருக்கு எஃகுல வாள் போடலாமா" என்று, அந்தக் காலத்தில் மண் குடுவையில் உருக்கிய எஃகை மனதில் வைத்து ஆசையாகக் கேட்பவர்களும் உண்டு. ஈரோடு பக்கத்து அகழாய்வு இடமான கொடுமணலில் உலைகள் தோண்டியெடுத்த பெருமை நமக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உருக்கில் கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டியிருக்கும், ஸ்பிரிங் எஃகைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வெட்டுவதற்கு அது ராஜா, சுருட்டுவதற்கு அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை தவிர, ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகவே பட்டியலிடுகின்றன. வாளும் அதில் உண்டு. நம் பக்கத்தில் பட்டாக்கத்தி செய்தி வந்தால் போலீஸ் முதலில் வருவது பட்டறைக்குத்தான். எதற்கு என்று சொல்லாமல் வாள் கேட்டு வரும் தம்பிகளைத் திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு தந்தாலும் சரி.

வாங்கும்போது பாரிமுனை, செம்புதாஸ் தெரு பக்கம் எஃகு வியாபாரிகளிடம் கிரேடு பெயரை மட்டும் கேட்டு நம்பிவிடாதீர்கள், டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். தரவில்லை என்றால் ஒரு சாண் துண்டு மட்டும் வாங்குங்கள். அதை மூன்றாக வெட்டி, காந்தம் விட்ட சூட்டில் ஒன்று, அதற்குச் சற்று மேலே ஒன்று, நல்ல ஆரஞ்சில் ஒன்று என்று எண்ணெயில் தோய்த்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, துணியில் சுற்றி வைஸில் வைத்து உடையுங்கள். எந்தத் துண்டின் முகம் பட்டுச் சாம்பலாக இருந்து அரமும் வழுக்குகிறதோ அந்தச் சூடுதான் அந்த எஃகுக்கு உங்கள் உலையில் சரியான சூடு. மூன்றிலும் அரம் கடித்தால் அந்தக் கடையில் மீதியை வாங்க வேண்டாம்.